போனில் மங்கிய குரல்

நவம்பர் 1996, செவ்வாய்

இன்று கல்லூரியில், ரகசியச் செய்தியைப் பூட்டும் சாவியைக் கண்ணாடி இழை வழியாக ஒளியாக அனுப்புவது பற்றிப் பாடம் எடுத்தேன். ஒளியை ஒவ்வொரு துகளாக அனுப்பினால், நடுவில் யார் எட்டிப் பார்த்தாலும் அது மாறிவிடும். இரு பக்கமும் கொஞ்சம் ஒப்பிட்டுப் பார்த்தால் பிழை காட்டிக்கொடுத்துவிடும்.

"காட்டிக்கொடுத்த பொறவு என்ன செய்யணும் மிஸ்?" என்றாள் ஒரு பிள்ளை.

"அந்தச் சாவியைத் தூக்கி எறிஞ்சிரணும்" என்றேன். என்னமோ பெரிய பெருமை எனக்கு.

சாயங்காலம் மதுரையிலிருந்து தங்கச்சி செல்வி போன் பண்ணினாள். கல்யாணமாகிப் போனபின் அபூர்வமாகத்தான் பேசுகிறாள். "அக்கா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றவளின் குரல் சட்டென்று மங்கியது. அவள் மாமியார் வீட்டு மாடியில் அதே லைனில் இன்னொரு போன் உண்டு. யாரோ எடுத்துவிட்டார்கள்.

"ஏட்டி, ஒழுங்கா சாப்பிடுதியா?" என்றேன்.

"நேத்து சொதி வச்சாங்கக்கா. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்."

சொதியின் தேங்காய்ப்பால் வாசத்துக்கே அவளுக்குக் குமட்டும். அது எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

விடிந்ததும் வண்ணார்பேட்டையில் மதுரை பஸ் ஏறிவிடுவேன். வருகிறேன் என்று போன் பண்ணிச் சொல்லப்போவதில்லை.