தட்டினாரா, அறைந்தாரா
மார்ச் 12, வியாழன்

இன்று தையல் லைனில் செல்வி அக்காவை சூப்பர்வைசர் அடித்தார். அக்கா ஷூவின் மேல்தோலைக் கோணலாகத் தைத்துவிட்டாராம். கம்மல் குத்தி அக்காவின் கழுத்தெல்லாம் ரத்தம். பக்கத்து மெஷினில் நான் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தேன்.

மாலையில் மேனேஜர் கூப்பிட்டார். "நீதான் படிச்ச பொண்ணு. நடந்ததை எழுதிக் காலைல குடு. சும்மா தட்னாரு, அவ்ளோதான். அறைஞ்சாருன்னு எழுதி பேஜார் பண்ணாதம்மா."

தூங்கும் குழந்தையைத்தான் தட்டுவார்கள். உள்ளங்கையை விரித்து ஓங்கி இறக்கினால் அது அறைதல். முரசை அடிப்பதையும் பழைய தமிழில் அப்படித்தான் சொல்வார்கள். இன்றைய சத்தம் மெஷின்களையும் தாண்டிக் கேட்டது.

பஸ்ஸில் அக்கா சொன்னார்: "எழுதாத பாப்பா, உன் வேலையும் பூடும்."

அறைந்தார் என்று எழுதிவிட்டேன். கன்னத்தில் பதிந்த ஐந்து விரல்களையும் எழுதினேன். கையெழுத்து மட்டும் இன்னும் போடவில்லை.