ஓடும்போது நீர் கேட்ட பாட்டு

இந்த மடலில் வரப்போவது:

1. பந்தயத்தில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டால் பின்னால் வரும் வண்டி தெரியாது.
2. பாட்டு உட்கார்ந்து கேட்க வேண்டிய ஒன்று.
3. பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓடுகிறவர், கூட ஓடுகிறவரைத் தனியே விட்டுவிடுகிறார்.
4. நேற்று கழக்கூட்டம் ஊர்ப் பந்தயத்தில் நடந்தது.

வரிசை போடாமல் எனக்கு எழுத வராது. "வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நம்பர் போட்டுடறீரே ஓய், பின்னே எதுக்குப் பேசறீர்?" என்று கேட்பீர். இப்போது கேட்க ஆளில்லை என்பதால் துணிந்து போட்டிருக்கிறேன்.

உம்முடைய பழைய கைப்பேசியும் அதன் இயர்போனும் மேசைமேல் இருக்கின்றன. கணுக்கால் வலிக்கு நீர் தேய்த்துக்கொள்ளும் முறிவெண்ணெயின் வாசனை அந்தக் கறுப்பு வயரில் இன்னும் போகவில்லை. எண்ணெய்க் கையோடுதான் எதையும் எடுப்பீர். இன்று காலை அதைத் துடைத்து வைக்கலாம் என்று துணியை எடுத்தேன். பிறகு துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

கரமனையில் உம் வீட்டைக் காலி செய்த அன்று உம் மகள் இரண்டையும் கொண்டுவந்து தந்தாள்.

"அப்பா ஓடறச்சே கேக்கறது இதுல இருக்கு மாமா. நான் என்னென்னவோ ஏத்திக் கொடுத்தேன். ஒண்ணும் வேண்டாம், இது ஒண்ணு போறும்னுட்டார்."

"என்ன பாட்டும்மா?"

"நீங்களே கேளுங்கோளேன்."

நான் கேட்கவில்லை. மாதக்கணக்கில் அலமாரியிலேயே கிடந்தது. காரணம், வேறொன்றுமில்லை, மூன்றாவது கருத்துதான். என்னுடைய பேச்சைவிட எது உமக்கு மேலாகப் பட்டது என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியமில்லை.

ஓய்வு பெற்ற பிறகு சங்குமுகம் கடற்கரைச் சாலையில் நாம் ஓட ஆரம்பித்தோம். முதல் சில ஆண்டுகள் உம் காதில் ஒன்றும் இருந்ததில்லை. நான் பேசிக்கொண்டே வருவேன். நீர் "ம்" கொட்டுவீர். ஒரு நாள் திடீரென்று வயரும் கையுமாக வந்து நின்றீர். நான் முதல் இரண்டு கருத்துகளையும் அங்கேயே எடுத்து வைத்தேன்.

"வண்டி வந்தா எப்படித் தெரியும்?"

"நீர்தான் ரோட்டுப் பக்கம் ஓடறீர். இடிச்சா உம்மைத்தானே முதல்ல இடிக்கும்? அப்போ தெரியும்."

"பாட்டை உக்காந்து தாளம் போட்டுன்னா கேக்கணும்? இப்படி வேர்த்து வழிஞ்சிண்டா?"

"காலாலயும் தாளம் போடலாம் ஓய். நீர் கையால போடறதைவிட நன்னாவே இருக்கும்."

அது எனக்குச் சுருக்கென்றது. சனிக்கிழமைப் பஜனையில் நீர் முன்னால் பாடுவீர், கைத்தாளம் என்னிடம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னிடம்தான். அதில் ஒன்றின் விளிம்பு உடைந்திருப்பதால் ஒவ்வொரு தட்டுக்குப் பின்னும் ஒரு கரகரப்பு வரும். அது போதாதென்று, பாட்டு வேகமெடுக்க வேண்டிய இடத்தில் என் தாளம் பின்தங்கும். எங்கே தவறிவிடுவேனோ என்ற பயத்தில் ஒவ்வொரு தட்டையும் சற்று யோசித்தே போடுவேன். மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். நீர் மட்டும் பாட்டை இழுத்துப் பிடித்து என்னோடு வருவீர். "இவர் தாளத்துல போனா சுவாமி நடந்தே வந்துடலாம், ஓடி வர வேண்டாம்" என்று சொல்லிச் சிரிக்க வைப்பீர். விளக்குப் பக்கத்தில் உம் கைப்பேசியைச் சில நாள் வைத்திருப்பீர். பெங்களூரிலிருக்கும் மகளுக்கு அனுப்பத்தான் பதிவு செய்கிறீர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன பந்தயத்துக்கு வருகிறேன். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் ஆபீஸ் பிள்ளைகள் நடத்தும் ஓட்டம், முதியோருக்கு ஐந்து கிலோமீட்டர். பாதி வழியில் என் முழங்கால் பிடித்துக்கொண்டது. "கொஞ்சம் நில்லும்" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். நீர் திரும்பவில்லை. அதே சீரான நடையில், தலையை லேசாக ஆட்டிக்கொண்டே, மேம்பாலத்துத் தூண்களுக்கு அப்பால் போய் மறைந்தீர். நான் சாலையோரத்தில் உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டு நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். முடிவுக்கோட்டருகே கையில் இரண்டு தம்ளர் சம்பாரத்தோடு நின்றிருந்தீர்.

"எங்கே போனீர் ஓய்? கூடத்தானே வந்திண்டிருந்தீர்?"

அதை நான் நம்பவில்லை. மோரை மட்டும் வாங்கிக் குடித்தேன். பிறகு மழைக்காலம் வந்தது. முழங்காலைச் சாக்காக வைத்து நான் கடற்கரைப் பக்கம் வரவில்லை. மழை விடுவதற்குள் உமக்கு அந்தக் காய்ச்சல் வந்து, எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ஒரு கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. கூடத்தானே வந்திண்டிருந்தீர்?

நேற்று அதே பந்தயத்துக்குத் தனியாகப் போனேன். உம்முடைய கைப்பேசியை இடுப்புப் பையில் வைத்திருந்தேன். மாட்டிக்கொள்வதா வேண்டாமா என்று புறப்படும் இடத்திலேயே தயங்கி நின்றேன். சட்டையில் எண் குத்திவிட வந்த பெண் என் கையிலிருந்த வயரைப் பார்த்தாள்.

"அப்பூப்பா, ஹெட்செட் வெச்சோ, குழப்பமில்லா. பின்னே, பதுக்கெ ஓடியா மதி, கேட்டோ?"

மாட்டிக்கொள்ளலாமாம், ஆனால் தாத்தா மெதுவாக ஓடினால் போதுமாம். இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டுமா என்ன! சிரித்துவிட்டு, அப்போதும் மாட்டவில்லை. மேம்பாலத் தூண்கள் வரை வெறும் காதோடுதான் ஓடினேன். பக்கத்தில் யாருமில்லாமல் ஓடினால் தன் மூச்சு இத்தனை பெரிதாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. போன தடவை உட்கார்ந்த அதே இடத்தில் முழங்கால் மறுபடி முனகியது. நின்று, வயரைப் பிரித்துக் காதில் வைத்து, பொத்தானை அழுத்தினேன்.

முதலில் உம் இருமல். பாடத் தொடங்குமுன் தொண்டையைச் சரிசெய்யும் அந்த இருமல். அதற்குப் பிறகு பாட்டு வரும் என்று காத்திருந்தேன். ஆனால் முதலில் வந்தது ஒரு தட்டு, அதன் பின்னால் ஒரு கரகரப்பு. இன்னொரு தட்டு, இன்னொரு கரகரப்பு. நம் சனிக்கிழமைப் பஜனை. விளக்கருகே வைத்திருந்த கைப்பேசிக்குப் பக்கத்தில் நான்தானே உட்கார்ந்திருப்பேன்! உம் குரல் சற்றுத் தள்ளிக் கேட்க, என் தாளம் காதை அடைத்துக்கொண்டு கேட்டது. பயந்து பயந்து, யோசித்து யோசித்து விழும் என் தாளம்.

கால் தானாக அதில் விழுந்தது. அது என் ஓட்டத்தின் வேகம். அதற்கு மேல் ஒரு துளி கூட இல்லை. என்னைவிட வேகமாக ஓடக்கூடிய உம்மை என் அருகிலேயே பிடித்து வைத்திருந்தது இதுதானா? போன தடவை நான் நின்றுவிட்டேன். தாளம் நிற்கவில்லை. உம் காதில் நான் முடிவுக்கோடு வரைக்கும் கூடவே வந்துகொண்டிருந்திருக்கிறேன்.

நேற்று நான் உம்மோடு ஓடி முடித்தேன். சம்பாரம் விற்றவரிடம் பழக்கத்தில் இரண்டு என்று சொல்லிவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

முதல் கருத்தில் எனக்கு இன்னும் சந்தேகமில்லை. நேற்றும் ஒரு பைக் உரசிக்கொண்டு போயிற்று. இரண்டாவதைப் பற்றி நீர் வந்து வாதாடினால் விட்டுக்கொடுப்பேன், வராமல் விட்டுக்கொடுக்க மாட்டேன். உடைந்த விளிம்பைத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று பஜனைக்காரர்கள் சொல்கிறார்கள். வேண்டாம் என்றிருக்கிறேன்.

மூன்றாவது கருத்து தவறு.