கிணற்றடித் துவாய்

மூடியைத் திறந்ததும் மிளகும் கறுவாவும் ஊறிய மாட்டிறைச்சியின் ஆவி முகத்தில் அடித்தது. மகள் கனடாவிலிருந்து அனுப்பிய ஸ்லோ குக்கர் விடியலிலிருந்து குசினி மேசையில் தன் பாட்டில் கிடந்து வேகிறது. நான்தான் வெந்து முடிந்தவன் மாதிரிக் கதிரையில் இருக்கிறேன். நீர் கண்ணை மூடின நாள் தொடக்கம் கரம்பொனில் என் வீட்டுக்கும் வேலணையில் உமது வீட்டுக்குமாக அலைந்து கால் இரண்டும் வீங்கிவிட்டன.

இந்தச் சட்டியை முதலில் பார்த்தபோது நீர் விழுந்து விழுந்து சிரித்தீர். "இது சட்டியோ, அடைக்குக் கிடக்கிற கோழியோ?" என்று கேட்டீர். பிறகு ஞாயிறு தவறாமல் வந்தீர். தேவாலயத்து விடியற்காலைப் பூசைக்குப் போகமுன் இறைச்சியைச் சிவக்கப் பிரட்டி, கரட், உருளைக்கிழங்கு, வெங்காயத்தின் மேல் வைத்து மூடிவிடுவேன். பின்னேரத்துக்குள் கரண்டி பட்டாலே பிரியும். அதற்குள் மூடியில் கை வைக்கிற ஆள் நீர்தான். "சூடு போயிடும், சும்மா இரும்!" என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்.

உமது வீட்டில் நண்டு உண்டு, ஆடு உண்டு. மாடு என்ற பேச்சே ஆகாது. அதனால் சாப்பிட்ட கையோடு என் கிணற்றடியில் சிவப்புச் சோப் போட்டு முழுகி, கொடியில் விட்டுவைத்த உமது துவாயால் துவட்டிக்கொண்டுதான் சைக்கிளில் ஏறுவீர். "அவளுக்குத் தெரிஞ்சா மனம் நொந்துபோவாள்" என்பீர். அதைப் பயம் என்று நான் பகிடி பண்ணினாலும், அன்பு என்று எனக்குத் தெரியும்.

நாளை உமக்கு எட்டாம் நாள் படையல், எட்டுச் செலவு. மீன், நண்டு, ஆடு என்று உமக்குப் பிடித்த மச்சமெல்லாம் சமைத்து இலையில் படைப்பார்கள். சாராயம்கூட வரும். இது மட்டும் வராது. நேற்று உமது முற்றத்தில் இருந்து இதையே யோசித்தேன். சொன்னால் உமது மனைவி மனம் நோவார். சொல்லாவிட்டால் உமது இலை குறை. களைத்த மனதுக்கு இரண்டும் பாரம்.

எழும்பி வர, உமது மனைவி பின்வாசலுக்குக் கூப்பிட்டார். கையில் மூடி போட்ட கிண்ணம்.

"அண்ணை, ஞாயிறில உங்கட வீட்டில அவர் சாப்பிடுறதில கொஞ்சம் தாங்கோ."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கேட்டேன்: "உமக்குத் தெரியுமோ, தங்கச்சி?"

"ஓம். எங்கட வீட்டில வெள்ளைச் சோப். ஞாயிறில மட்டும் மனுசன் சிவப்புச் சோப் மணத்தோட வரும். வேற மணம் வந்தா எனக்குத் தெரியாதோ? சாப்பிட்டிட்டு முழுகிப்போட்டு வரவேணுமெண்டா அது மாடுதானே?" சிரித்தார், சிரிப்போடேயே அழுகையும் வந்துவிட்டது. "நான் கேட்டிருந்தா உங்கட வீட்டுக்கு வாறதையே விட்டிருப்பார். அதான் கேக்கேல்லை. இதைக் குசினிக்குள்ள எடுக்க ஏலாது, அண்ணை. வேலியடியில தனிய ஒரு இலை போடுறன்."

நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று நினைத்திருந்தோம், பார்த்தீரா?

கிண்ணத்தை நிரப்பிவிட்டேன். கொழுப்புள்ள துண்டுகளாகப் பார்த்து வைத்தேன். நீர் எப்போதும் ஒதுக்குகிற கரட்டை நானே எடுத்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் இதைக் கொண்டுபோக வேண்டும். அதற்கும் உடம்பு பஞ்சிப்படுகிறது.

துவாயை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கிணற்றடியில் போய் அதில்தான் கை துடைத்துவிட்டு வந்தேன். சோப் மணம் அப்படியே இருக்கிறது. அதைத் தோய்க்க என்னால் ஏலாது.