மஞ்சள் கேட் வீட்டுச் சாவி

1 ஜூலை 1974, திங்கள்

காலையிலிருந்து தூறல். சைக்கிள் செயின் இரண்டு தடவை கழன்றது. மணவாள நகர் மஞ்சள் கேட் வீட்டை வாங்க வருபவருக்குக் காட்டும் தரகு வேலை.

வீட்டுக்காரர் ஆண்டாளம்மா. கணவர் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் இருந்தவர், போய் மூன்று வருஷம். இந்த அம்மா காஞ்சிபுரத்தில் மகளோடு போய் இருக்கப் போகிறார். மகளுக்கு எட்டு மாசம். பின்கட்டில் மட்டும் இருந்துகொண்டு முன்பக்கச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். ஒரே நிபந்தனை: ஆடி பிறக்கும் முன் பத்திரம் முடியணும். ஆடியில் கையெழுத்துப் போட மாட்டார்.

இன்று வந்தவர் அரிசி மண்டிக்காரர். மூன்று வருஷமாக வீடு பார்க்கிறார். கூடத்தைக் காலடியால் அளந்தார், எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு தடவை அளந்தார், இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை. வீட்டில் கோணலாம். பிறகு நாஷ்டா, என் செலவில்.

எல்லோரிடமும் சொல்வது, யாரும் கேட்காதது:
– மழை நாளில் வந்து பார்.
– கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கிறதா பார்.
– பத்திரத்துக்கு முன்னால் பால்காரரிடம் பேசு. தெருவின் லட்சணம் அவருக்குத் தெரியும்.
– சமையல்கட்டில் உன் சம்சாரம் பத்து நிமிஷம் நிற்கட்டும்.
எல்லோரும் கேட்டின் கலரைத்தான் பார்க்கிறார்கள்.

3 ஜூலை, புதன்

மழை. புதுசாக ஒரு ஜோடி. செல்வராஜ், அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டர். மனைவி ரஞ்சிதம். கிறிஸ்தவங்க. அப்பா அம்மா திருவாலங்காட்டுப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி. இவர் ஐ.டி.ஐ. படித்து மேலே வந்தவர். ஒரே அறை வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள். ஷிஃப்ட் ரயிலுக்கு வசதியாக ஸ்டேஷன் பக்கம் வேண்டும் என்றார்கள்.

ஏரிக்கரைக்குப் பின்னால் இருக்கும் வீட்டைக் காட்டினேன். வாசலில் கணுக்கால் தண்ணீர். ரஞ்சிதம் சுவரை நகத்தால் சுரண்டினாள், ஒரு பிடி மண் கொட்டியது.

“இந்த ஊட்ட வாங்கவே வேணாண்ணா. தெனம் கொஞ்சம் கையோட எடுத்துக்கினு பூடலாம்.”

சிரிப்பு. எனக்கும்.

5 ஜூலை, வெள்ளி

வெயில். இரண்டாவது வீடு. ரஞ்சிதம் கைக்குட்டையில் ஒரு துண்டு சோப்பு முடிந்து கொண்டு வந்திருந்தாள். புதன்கிழமை நான் சொன்னதாம். பதினோரு வருஷத் தொழிலில் என் பேச்சைக் கேட்ட முதல் ஆள். நுரைக்கவே இல்லை. உப்புத் தண்ணீர்.

திரும்பும்போது, ரயில்வே கேட் அருகே கேட்டாள்: “மஞ்சள் கேட் ஊட்டு சாவி உங்க கையிலதான் இருக்குதாமே. பால்காரர் சொன்னாரு. அத்த ஏண்ணா காட்டல?”

வேறு ஒருத்தர் பேசி வைத்திருக்கிறார் என்றேன். பொய். சாவி சட்டைப் பையில்தான்.

செல்வராஜ் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கோபப்படவில்லை. அதான் பேஜாரு.

6 ஜூலை, சனி

மனைவி சரோஜாவிடம் சொன்னேன். அந்தத் தெருவில் அவங்களுக்குக் கொடுக்க மாட்டாங்க, போய் அவமானப்படுவானேன் என்றுதான் காட்டவில்லை என்றேன். நல்ல எண்ணம்தானே.

கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். “அந்த அம்மா வேணாம்னு உங்ககிட்ட சொன்னாங்களா?”

இல்லை.

“அப்புறம் அவங்க சொல்ல வேண்டிய ‘வேணாம்’ங்கறத நீங்க ஏன் சொல்றீங்க?”

சைக்கிளைத் துடைத்தேன். செயினுக்கு எண்ணெய்.

7 ஜூலை, ஞாயிறு

ஆண்டாளம்மாவைப் பார்த்தேன். யார், என்ன வேலை, அப்பா அம்மா யார், எல்லாம் சொன்னேன். மறைத்து விற்கக் கூடாது. அம்மா புரிந்துகொண்டார். விசிறியை மடியில் வைத்தார்.

“அந்தப் பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ.”

சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. செல்வராஜ் வீட்டுக்குப் போய் வெள்ளிக்கிழமை சொன்னது பொய் என்று ஒத்துக்கொண்டேன். “தெரியும் சார்” என்றார்.

8 ஜூலை, திங்கள்

மேகம், மழையில்லை. செல்வராஜ் லீவு போட்டு வந்தார். ஆண்டாளம்மா கேட்டுக்கு உள்ளே, இவர்கள் வெளியே. வாங்கோ என்ற வார்த்தை வரவில்லை.

ரஞ்சிதம் கிணறு கோடையில் வற்றுமா என்று கேட்டாள். அவ்வளவுதான். ஆண்டாளம்மாவுக்குக் கிணற்றுக் கதை பெரிசு: கணவர் எங்கே தோண்டச் சொன்னார், எத்தனாவது அடியில் பாறை, எத்தனாவது அடியில் ஊற்று. பேசிக்கொண்டே பின்பக்கம் நடந்தார், இவளும் கேட்டபடியே கூட நடந்தாள். கேட்டை யார் திறந்தது என்று நான் கவனிக்கவில்லை.

கிணற்றடியில் சோப்பு வெளியே வந்தது. முழங்கை வரை நுரை. ரஞ்சிதம் கழுவ மனசில்லாமல் நின்றாள். ஆண்டாளம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

“உள்ளே வந்து அடுப்படியைப் பாரு.”

செல்வராஜ் கூரையைப் பார்த்து உடைந்த ஓடுகளை எண்ணினார். ஏழு. நானே மாத்திடுவேன் என்றார்.

10 ஜூலை, புதன்

மஞ்சள் கேட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் என் வீடு தேடி வந்தார். ரிட்டயர் ஆன கிளார்க். ரொம்ப மரியாதையாகப் பேசினார். வாங்க வேறு ஆளை அவரே கொண்டு வருவாராம். தெரு என்று ஒன்று இருக்கிறதாம். அதே தெருவில் இன்னும் இரண்டு வீடு விலைக்கு வரும், என்னிடம் வருமா வேறு தரகரிடம் போகுமா என்பது என் கையில்தான் என்றும் சொன்னார்.

வீட்டுக்காரங்க இஷ்டம் சார் என்றேன். தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார். சரோஜா உள்ளிருந்தபடி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கேட்காமலே வடை சுட்டாள்.

11 ஜூலை, வியாழன்

அவர் ஆண்டாளம்மாவிடமும் போயிருக்கிறார். அம்மா சொன்னது, அப்படியே:

“எங்காத்துக்காரர் போய் மூணு வருஷம். எதிர்த்தாப்ல இருந்துண்டு ஒரு நாள் சாப்பிட்டேளான்னு கேட்டதில்லை. இப்போ என் வீட்டு மேல இவ்வளவு கவலை. எனக்குப் பெரிய மனசெல்லாம் கிடையாது கோவிந்தசாமி. கிணத்தடியில அந்தப் பொண்ணைப் பிடிச்சுது. பத்திரம் எழுதச் சொல்லுங்கோ.”

வில்லங்கம் பார்த்தாச்சு, சுத்தம். ஆனால் மகளும் கையெழுத்துப் போட வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து வர வேண்டும், அந்த உடம்போடு. கடுதாசி போய்ச் சேர நாளாகும், தெரிந்த பஸ் கண்டக்டரிடம் சேதி.

15 ஜூலை, திங்கள்

ராகு காலம் முடிந்ததும் ரிஜிஸ்டர் ஆபீஸ். ஆண்டாளம்மா, செல்வராஜ், ரஞ்சிதம், நான். மகள் இல்லை. பதினொன்று. பன்னிரண்டு. நாளைக்குச் செவ்வாய், அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். அடுத்த நாள் ஆடி. ஒரு மணிக்கு ஆபீஸ்காரர் சாப்பிடப் போனார். செல்வராஜ் பீடியைப் பற்ற வைக்காமலே உருட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டே காலுக்கு ஜட்கா வண்டியில் மகள். வழியில் பஸ் டயர் பஞ்சராம். ரஞ்சிதம் ஓடிப்போய் அந்தப் பெண்ணின் இடுப்பைத் தாங்கி இறக்கினாள், பெஞ்சியில் இருந்தவர்களை எழுப்பி உட்கார வைத்தாள், எங்கிருந்தோ மோர் வாங்கி வந்தாள். மகள் முழு டம்ளரும் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஆண்டாளம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

முடிந்தது. ஆண்டாளம்மா பின்கட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டு மகளோடு காஞ்சிபுரம் கிளம்பினார். செல்வராஜ் பத்திரத்தின் முதல் பக்கத்தை மூன்று தடவை படித்தார். தன் பெயர் வரும் இடம் வந்ததும் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து.

17 ஜூலை, புதன்

ஆடி ஒன்று. வெயிலும் காற்றும். பெரியபாளையம் அம்மன் கோயில் பஸ்ஸில் நிற்க இடமில்லை. தரகனுக்கு ஒரு மாசம் ஓய்வு. கட்டில் கயிறு இழுத்துக் கட்ட நினைத்திருந்தேன்.

ஒன்பது மணிக்குப் பால்காரர் வந்து சொன்னார், மஞ்சள் கேட் வீட்டில் கைவண்டி நிற்கிறதாம். ஓடினேன். ஆடியில் குடி போவார்களா?

“எங்களுக்கு ஏதுண்ணா ஆடி” என்றாள் ரஞ்சிதம், தலையில் பாத்திர மூட்டை. தெருவே ஜன்னலில். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, எல்லாமே ஒரு நாளில் நடக்காது. பட்டறை ஆட்கள் நாலு பேர் பீரோவைத் தூக்கினார்கள். ஆட்டுக்கல்லுக்கு ஆள் குறைந்தது, ஒரு முனை நான் பிடித்தேன். இடுப்பு போச்சு.

அந்த நாலு பேரில் ஒருத்தர் தனியாகக் கூப்பிட்டார். ஸ்டேஷன் பக்கம் இன்னொரு வீடு கிடைக்குமா, எந்தத் தெருவா இருந்தாலும். எந்தத் தெருவென்று நீங்க சொல்லுங்க, போய்க் கேக்கறது என் வேலை என்றேன்.

கட்டில் கயிறு அப்படியே கிடக்கிறது. எழுத நேரமில்லை. அந்தப் பட்டறைக்காரரும் சம்சாரமும் வாசலில் வந்து நிற்கிறார்கள், சரோஜா சோப்புத் துண்டு தேடுகிறாள்.