பெட்டூனியா நாற்றும் அப்பாவின் கண்ணும்

இயேசு மரி சூசை துணை

கூட்டேரிப்பட்டு,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் எலிசாவுக்கு, அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிரில் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான், பொய் எழுத மனசு வரவில்லை. போனில் சொல்லலாமென்றால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் இதை எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

மே மாதம் கோவில் வாசலில் மாதா சுரூபம் இருக்கிற கெபியைச் சுற்றிப் பாத்தியிலும் தொட்டியிலும் பெட்டூனியா வைப்பது உன் அப்பா வேலை. குளிர்காலப் பூவை வெயிலில் பூக்க வைக்கிறேன் என்று பச்சை வலை கட்டிக்கொண்டு அவர் பண்ணுகிற அலட்டலுக்குப் பங்குச் சாமியாரே சிரிப்பார். இந்த வருஷமும் பொங்கல் கழிந்து விதைத்தார். தூசி மாதிரி விதை, மணலில் கலந்து தென்னை நார்த்தூள் மேலே தூவி, மூடாமல் விடவேண்டும், வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மல்லாட்டைக் கடலை மாதிரி புதைத்துவிடாதே என்று எனக்கே பாடம் எடுப்பவர். போன வாரம் நாற்றுத் தட்டில் ஒரு மூலை தவிர எல்லா இடத்திலும் பச்சையாக முளை விட்டிருந்தது. அவரோ, "ஒண்ணுகூட மொளைக்கல, வெதையே சொத்த" என்று தட்டைக் குப்பையில் கவிழ்க்கப் போனார். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன். மூக்கு முட்டக் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமா, இங்க வருது பாரு" என்றார். விரல் வைத்துக் காட்டியது முளையே இல்லாத அந்த மூலையை. தட்டை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டேன் எலிசா.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் தினமும் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். திண்டிவனம் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் பறக்கிற பறப்பு உனக்குத் தெரியாததில்லை. வேனின் பக்கக் கண்ணாடி உடைந்திருக்கிறது, கேட்டால் எவனோ இடித்துவிட்டான் என்கிறார். பக்கத்து வீட்டுப் பொன்னியின் மகளும் அதில்தான் போகிறாள். வேகத்தடை மேலே அப்படியே ஏற்றிவிட்டார், தலை இடித்துக்கொண்டது என்று அந்தக் குழந்தை சிரித்துக்கொண்டே சொன்னது. என்னால் சிரிக்க முடியவில்லை, பொன்னியின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. கண் டாக்டரிடம் போகலாம் வாங்க என்று கெஞ்சினேன், சண்டை போட்டேன். "கண்ணுல பொரைன்னு சொன்னா வண்டியப் புடுங்கிக்குவாங்க, வூட்ல குந்திக்கினு இன்னா பண்றது? எலிசாகிட்ட சொன்னே, அவ்ளோதான்" என்கிறார். பயம் அவருக்கு, அதைக் கோபமாகக் காட்டுகிறார். நான் சொன்னால் ஏறாது, நீ சொன்னால் கேட்பார். நோயாளிகளை அதட்டுகிற உன் நர்ஸ் தோரணையில் அதட்டாதே, முரண்டு பிடிப்பார். ஆபரேஷன் முடிந்ததும் மறுபடி ஓட்டலாம், அதுவரை பள்ளிக்கூடத்து இன்னொரு டிரைவர் ராயப்பன் அண்ணன் ஓட்டட்டும் என்று தன்மையாகச் சொல்.

இன்று பூசை முடிந்து வந்ததும் எனக்கு ஒரு ஆத்திரம். வேன் சாவியை எடுத்து, வாசலில் நல்ல வெயிலில் இருந்த அந்த நாற்றுத் தட்டின் நடுவிலேயே போட்டுவிட்டேன். பார்த்துவிட்டு என்னைத் திட்டட்டும், திட்டினால் நிம்மதி என்று நினைத்தேன். அவர் தெளிப்பானை எடுத்துக்கொண்டு போய், சாவியும் சேர்ந்து நனைய நனையத் தண்ணீர் தெளித்தார். செடி நன்றாக வருகிறது என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சாவிய எங்கடி வெச்ச?" என்று கேட்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு, செபமாலையை விடாதே. மாதா உங்கள் இருவரையும் காப்பாளாக. விடிந்தால் திங்கள், பிள்ளைகள் ரோட்டில் வந்து நிற்கும். அதற்குள் அப்பாவைக் கூப்பிடு. அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

உன் அம்மா,
அமல்ராணி பாக்கியசாமி