ஐந்து சீட்டு, ஒரே ஆள்

ஐப்பசி 10, திங்கள்
காலையிலிருந்து தூறல். குரங்கணிப் பக்கம் மலையே தெரியவில்லை. அவரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வைத்திருந்தது நான்கே நாள். இளைப்பு அடங்கவில்லை. ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் இருபது வருஷம் அவர் குடித்த புகை. நர்சு: "வெளிய ஆளு காத்துக் கெடக்குக்கா. வெரசா பெட்டக் காலி பண்ணுங்க."
தீப்பெட்டி நமத்துவிட்டது. விளக்கு தாமதம்.

ஐப்பசி 13, வியாழன்
மறுபடி இளைப்பு. அதே ஆஸ்பத்திரி. புதுச் சீட்டு, புது எண். பழையதைச் சீட்டு எழுதுகிறவரிடம் காட்டினேன். "அது முடிஞ்ச கேசுக்கா."
கொண்டுபோக: பிளாஸ்க், கம்பளி, திருநீறு.

ஐப்பசி 16, ஞாயிறு
மகள் கவிதா மதுரையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தாள். புள்ளியியல், கடைசி வருஷம். அரசு ஆஸ்பத்திரிகளில் எது திறமாக நடக்கிறதென்று படிப்புக்காகக் கம்ப்யூட்டரில் கணக்கு போடுகிறாள். இத்தனை படுக்கை, இத்தனை டாக்டர், குணமாகிப் போனவர் இத்தனை. கொஞ்சப் படுக்கையில் நிறையப் பேரை அனுப்பினால் மார்க் அதிகம். போன வருஷத்துக்கு இந்த ஆஸ்பத்திரிக்கு மார்க் ஒன்று. அதற்கு மேல் மார்க்கே கிடையாதாம்.
அவருடைய போன வருஷச் சீட்டுகளைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். ஐந்து.
"ஏத்தா, ஒங்கணக்குல அப்பா எத்தன ஆளு?"
ஒவ்வொரு சீட்டாகப் புரட்டினாள். "அஞ்சும்மா. அஞ்சு பேரும் கொணமாயிட்டாங்க."
படுக்கையிலிருந்து அவர்: "அப்ப ஒங்காத்தா அஞ்சு பேரக் கட்டியிருக்கா." சிரிக்கப் போய் இருமல். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐப்பசி 18, செவ்வாய்
கவிதா போன். பேராசிரியரிடம் சொன்னாளாம். பட்டியலில் பெயர் இல்லை, எண் மட்டும். திரும்பி வந்தவரைப் பிரிக்க வழியில்லையாம். கணக்கை அப்படியே இன்று கொடுத்துவிட்டாள்.
"கடைசிப் பக்கத்துல இதப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கேம்மா."
"யாரு படிப்பா?"

ஏலக்காய் வைத்து எண்ணச் சொல்லிக்கொடுத்தவள் நான். எண்ணிய காயை ஒதுக்கு, மறுபடி கூட்டத்தில் சேர்க்காதே என்று. மூன்று வயதில் புரிந்தது அவளுக்கு.

ஐப்பசி 20, வியாழன்
வெயில். மறுபடி அனுப்பிவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் வைத்திருக்க நர்சிடம் கெஞ்சினேன். "நல்லாத்தானக்கா இருக்காரு." ஆட்டோ வரை நடக்க மூன்று இடத்தில் நின்றார். சீட்டில் "குணமடைந்தார்". முருகன் படத்துக்குப் பின்னால் செருகினேன். கும்பிடத் தோன்றவில்லை.
மத்தியானம் சோறு வேண்டாமென்றுவிட்டார். குணமடைந்தவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறது.