உரக்கக் கூப்பிட ஒரு பெயர்

மார்ச் 3, செவ்வாய்

அப்பா இன்று ஒரு நாயோடு வந்தார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பதினோரு மாடிக் கட்டடம். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அழைத்திருக்கிறார்கள். அப்பா போய்க் கதவைத் திறந்தால் நாய் மட்டும். பெண் நாய். உடம்பெல்லாம் வெள்ளை, இடது காதில் மட்டும் டீ கொட்டிய நிறம். எந்த மாடியிலும் அதற்குச் சொந்தக்காரர் இல்லை.

"என் சர்வீஸ்லயே லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு, என்னைத் திட்டாம வெளிய வந்த முதல் ஆளு இவதான்" என்றார். அதனால் கூட்டிவந்துவிட்டாராம்.

அப்பாவின் மனைவி நாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன பேர் வைக்கலாம்?"

"தெரியல" என்றேன், சுவரிடம்.

மார்ச் 4, புதன்

அப்பாவின் மனைவி இந்த வீட்டுக்கு வந்து அரை வருடமாகிறது. இதுவரை அவரை நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அம்மா? அந்தச் சொல்லுக்கு ஆள் இருக்கிறது. வேறு ஊரில், நலமாக, ஞாயிறுதோறும் போனில். சித்தி? அது அத்தையின் சிபாரிசு. அத்தை சிபாரிசு செய்த எதையும் நான் செய்ததில்லை, பால் குடிப்பது உட்பட. ஆன்ட்டி? அது கீழ்வீட்டில் இருக்கிறது.

ஆகவே இருமுகிறேன். கரண்டியைக் கீழே போடுகிறேன். அவர் முகத்துக்கு எதிரே போய் நின்று, வாக்கியத்தைப் பாதியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இல்லையென்றால், "அப்பா, சர்க்கரை டப்பா எங்கன்னு கேளுங்க." டப்பா அவர் கையில்தான் இருக்கும்.

நான் பிழைப்புக்குச் செய்வது மொழிபெயர்ப்பு. துணி துவைக்கும் இயந்திரத்தோடு வரும் கையேடுகள். அதில் எல்லாரையும் "அன்பார்ந்த பயனரே" என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் வாய் வரை வந்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

இப்போது வசதியாகிவிட்டது. நாய் வழியாகப் பேசிக்கொள்கிறோம்.

"ஏ இவளே, அந்த ரூம்ல ஒருத்தி டீயை ஆறவிட்டுட்டு உக்காந்திருக்கா. போய் என்னன்னு கேளு."

"வேலையா இருக்கேன்னு சொல்லு அவங்ககிட்ட."

நாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலித்துப் படுத்துவிட்டது. இவ்வளவு பொறுப்பைத் தலையில் கட்டிய பிறகு 'இவளே' என்று கூப்பிடுவது மரியாதையில்லை. பெயர் வேண்டும்.

மார்ச் 7, சனி

பெயர்க் கூட்டம். சாப்பாட்டு மேசையில்.

என் பரிந்துரை: அபத்தம், முரண், இன்மை.

அப்பா: "என்னது இது, பரீட்சைப் பேப்பரா?"

அப்பாவின் பரிந்துரை: மணி. கேட்காததுபோல இருந்துவிட்டோம்.

சரி, ஒரு பெண் பெயர் வைக்கலாம் என்றால் அப்பா எதற்கும் இடம் கொடுக்கவில்லை. உலகத்தில் உள்ள எல்லாப் பெண் பெயர்களையும் எங்கள் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். "அது என் சித்தப்பா பொண்ணு பேரு. ஏற்கெனவே அவ நம்மகூடப் பேசறதில்ல. நாய்க்கு வெச்சா சண்டை போடறதுக்காகவாவது பேச ஆரம்பிச்சிடுவா. வேணாம்."

அப்போதுதான் அப்பாவின் மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், கண் பரிசோதனையும் அவரே. நாள் முழுக்க மனிதர்களின் கண்முன் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இதுவா அதுவா என்று கேட்பவர்.

"மொத்தமாக் கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியாது. ரெண்டு ரெண்டாப் பாக்கணும். முரண்... அபத்தம். எது தெளிவா இருக்கு?"

கையை என் கண்முன்னால் புரட்டிப் புரட்டிக் காட்டினார்.

"அபத்தம்" என்றது என் வாய், என்னைக் கேட்காமலே.

"அபத்தம்... இன்மை?"

"அபத்தம்."

"சரி. இனி தெருவுல நின்னு சத்தமாக் கூப்பிட்டுப் பாக்கணும். வெக்கம் வரலேன்னா அதுதான் பேரு."

மார்ச் 8, ஞாயிறு

தெருச் சோதனை. நான் வாசலில், நாய் தெருக்கோடியில். அப்பாவின் மனைவி கேட்டுக்குப் பின்னால், நடுவராக.

எதிர்வீட்டு வக்கீல் தன் கட்சிக்காரரை வழியனுப்பிக்கொண்டிருந்தார். "கவலையே படாதீங்க, இந்தக் கேஸ் நமக்குத்தான்" என்று சொல்லி முடிக்கும் நேரம், நான் முழுத் தொண்டையில்:

"அபத்தம்!"

நாய் வரவில்லை. வக்கீல் வந்தார்.

"என்னம்மா, நான் சொன்னதுல உனக்கு என்ன அபத்தமாப் பட்டுது?"

கேட்டுக்குப் பின்னால் இருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. நானும் சிரித்துவிட்டேன். அவரைப் பார்த்துச் சிரித்தேன், இரண்டு பேரும் சேர்ந்து. பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டேன். ஏன் நிறுத்தினேன்?

மார்ச் 11, புதன்

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தோம். அவர் தேய்க்க, நான் துடைக்க. நாய் கூடத்தில் தூங்குகிறது. தூது போக ஆளில்லை.

"நாய்க்கு இவ்வளவு யோசிக்கற" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "கையோட எனக்கும் ஒண்ணு யோசிச்சு வை. அவசரம் ஒண்ணும் இல்ல."

தட்டை நீட்டினார். வாங்கினேன். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சொல்லைக் கொடுப்பது வீட்டில் ஒரு நாற்காலியைக் கொடுப்பதுபோல. உட்கார்ந்துவிடுவார்.

ஏற்கெனவே உட்கார்ந்துதானே இருக்கிறார், மக்கு. நீதான் நின்றுகொண்டிருக்கிறாய்.

மார்ச் 14, சனி

நாளை அத்தை வருகிறார். எனக்கு ஒரு யோசனை. பிஸ்கட் பாக்கெட் ஒன்று காலி. நாய் கெட்டிக்காரி, சாயங்காலத்துக்குள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

அத்தை வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார். "இன்னும் அவளை முறை வெச்சுக் கூப்பிடலையாமே? வாயில என்ன கொழுக்கட்டையா? சித்தின்னு சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

நான் காத்திருந்தது இதற்குத்தான். சமையலறைப் பக்கம் திரும்பி, தேன் வழிய:

"சித்தி!"

அவர் எட்டிப் பார்த்தார்.

இதை எழுத வேண்டும். அந்த முகம். கையில் மாவு, நெற்றியில் முடி. வேகமாக வந்ததில் கதவில் தோள் இடித்ததைக்கூடக் கவனிக்காமல், "என்னடா?" என்றார். என்னை இதுவரை 'டா' போட்டதில்லை.

அவர் காலைத் தாண்டி நாய் பாய்ந்துவந்தது. என் முன்னால் உட்கார்ந்து பிஸ்கட்டுக்காக நாக்கைத் தொங்கப்போட்டது.

அத்தைக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்பாவின் மனைவிக்கு நேரமே பிடிக்கவில்லை. உடனே புரிந்துகொண்டார்.

"நல்லா இருக்கு" என்றார். "சத்தமாக் கூப்பிட வெக்கமும் இல்ல."

உள்ளே போய்க் கை கழுவினார். செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

மார்ச் 16, திங்கள்

அத்தை திட்டியது பரவாயில்லை. அப்பா திட்டவில்லை.

"நீ கூப்பிடாம இருந்தப்பல்லாம் அவ ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்றார். "வரும்போது வரட்டும்னு இருந்தா. அவ்வளவுதான் நான் சொல்வேன்."

மார்ச் 18, புதன்

இப்போது நாய் வழியாகக்கூட இல்லை. அப்பாவிடம் சொல்கிறார், "டீ மேசையில இருக்குன்னு சொல்லிடுங்க." என் உத்தி. எனக்கே திரும்பி வந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்தால் இவ்வளவு அசிங்கமாகவா இருந்தது?

நாய் அந்தச் சொல்லுக்கு இன்னமும் ஓடிவருகிறது. மறக்கவைக்கப் பார்த்தேன். கற்றுக்கொடுக்க ஒரு பாக்கெட், மறக்கவைக்க மூன்று பாக்கெட். இன்னும் மறக்கவில்லை. ஏன்டி மக்கு, இப்படிப் பண்ணித் தொலைச்சே? வேடிக்கைக்குத்தானே? இல்ல. வேடிக்கைக்கு மட்டும் இல்ல. அது தெரியும் உனக்கு.

மார்ச் 20, வெள்ளி

மதியம் அரை நாள் விடுப்பு போட்டுக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கூட்டம். அவர் உள்ளே கல்லாவுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, யாருடைய மூக்குக்கோ சட்டம் சரிசெய்துகொண்டிருந்தார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த சொல். சரியா என்று தெரியாது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான் கணக்கு. வேறு யாரும் சிபாரிசு செய்யவில்லை. நானே எடுத்தது.

"அக்கா."

வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் திரும்பினார்கள். கடைப்பெண் திரும்பினாள். அவர் திரும்பவில்லை. கடையில் எல்லாருக்கும் எல்லாரும் அக்காதானே.

"அக்கா!"

இப்போது வெளியே பைக்கில் இருந்த ஆளும் பார்த்தார்.

மூன்றாவது தடவை கத்தினேன். குரல் கொஞ்சம் உடைந்தது, அதை எழுதாமல் விடலாம்.

திரும்பினார். என்னைப் பார்த்தார். பின்னால் நாய் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். இல்லை.

"டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க" என்றார்.

எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர். ஒவ்வொருவரையும் அவ்வளவு நிதானமாகச் சோதித்தார். பழி வாங்குகிறார் என்று நாலாவது ஆளிலேயே தெரிந்துவிட்டது. அங்கேதான் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

என் முறை. உள்ளறை, உயரமான நாற்காலி. கனமான வட்டச் சட்டத்தை என் மூக்கில் மாட்டினார். வில்லை எதுவும் போடவில்லை.

"சித்தி... அக்கா. எது தெளிவா இருக்கு?"

"அக்கா."

"இன்னொரு தடவை பாத்துச் சொல்லு. அப்புறம் மாத்திக் குடுக்க மாட்டேன்."

"அக்காதான்." பிறகு, "தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். சட்டத்துக்குள்ளே கண்ணைத் துடைக்க வழியில்லை.

"பண்ணினே" என்றார். சட்டத்தைக் கழற்றினார். "அதுக்கு அபராதம் உண்டு. நாய்க்குப் பேரு நான்தான் வைப்பேன். நீதான் தெருவுல கத்தணும்."

மார்ச் 21, சனி

சாளேஸ்வரி.

நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பிடித்து எழுத்துப் படிக்க முடியாமல் போகிறதே, சாளேஸ்வரம். அதைப் பெண்ணாக்கிவிட்டாள் அக்கா. "நாப்பதுக்கு மேல கூப்பிடாமலே எல்லார் வீட்டுக்கும் வர்றவ இவ ஒருத்திதான். எனக்குச் சோறு போடறவளும் இவதான்."

கத்தினேன். நாய் முதல் தடவையிலேயே வந்தாள். எதிர்வீட்டு வக்கீல் செய்தித்தாளைக் கை நீளத்துக்குப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தவர், "அடேயப்பா, பெரிய இடத்துப் பேரா இருக்கே!" என்றார் மரியாதையாக. அக்கா மறுபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும்.

அப்பாவுக்கு மட்டும் நிம்மதியில்லை. இரவுச் சாப்பாட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவ உனக்கு அக்கான்னா, நான் யாரு?"

"அக்கா வீட்டுக்காரர்."

"அதாவது மாமா."

"நீங்களே சொல்லிக்கிட்டா சரி."

"பெத்த பொண்ணு இப்படிப் பேசலாமா?" என்று அக்காவிடம் முறையிட்டார். அவள், "என் தங்கச்சியை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள்.

மார்ச் 25, புதன்

கையேடு ஒன்று முடிந்தது. "அன்பார்ந்த பயனரே" என்பதை இந்தத் தடவை எடுத்துவிட்டேன். மேலதிகாரி மறுபடி போடச் சொல்லிவிட்டார்.

மார்ச் 29, ஞாயிறு

அம்மா போன். பேசிக்கொண்டிருக்கும்போதே சாளேஸ்வரி என் ஒரு செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடினாள். "அக்கா, பிடிங்க அவளை!" என்று கத்தினேன்.

"எந்த அக்கா?" என்றாள் அம்மா. நான் ஒரே பெண். பெற்றவளுக்குத் தெரியாதா?

சொன்னேன்.

அம்மா வீட்டு ஃபேன் கறக் கறக்கென்று சுற்றுவது மட்டும் கேட்டது.

பிறகு சிரிப்பு. "அப்போ உங்கப்பன் உனக்கு மாமனா?" இருமல் வரும்வரை சிரித்தாள். அடங்கியதும், "குடு அவகிட்ட" என்றாள்.

இருவரும் இதுவரை பேசியதே இல்லை.

கூடத்துக்குப் போய் நீட்டினேன். யார் என்று உதட்டை அசைத்துச் சொன்னேன். அக்கா செருப்பைக் கீழே போட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். யோசிக்கவே இல்லை. எனக்கு அரை வருடம் ஆனது.

"சொல்லுங்கக்கா" என்றாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கதவு வழியாகச் சிரிப்பு வந்தது. அப்பா நாய்ச் சங்கிலியைத் தேடி எடுத்தார். வழக்கமாக அவர் சாயங்காலம்தான் கூட்டிப் போவார்.